இழுக்கிற மூச்சில் வரும் பாட்டு

அந்த வட்டாரத்தில் பெயிண்டர் என்றால் ஒருவர்தான். சுவருக்கு வெள்ளையடிக்கிறவர்கள் இருந்தார்கள், கடைப்பலகை எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆனாலும் "பெயிண்டர் வீடு எது?" என்று யாராவது கேட்டால் எல்லார் கையும் கார் பெயிண்டர் வீட்டைப் பார்த்துத்தான் நீளும். அடிபட்டு வந்த காரின் ஒரு கதவுக்கு மட்டும் அவர் நிறம் அடித்துக் கொடுத்தால், எது பழைய கதவு, எது புதுக் கதவு என்று வண்டிக்காரனே தடவிப் பார்த்துக் குழம்புவான். அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் "கொஞ்சம் இப்படி வாங்க பெயிண்டரே" என்றுதான் கூப்பிடுவாள்.

தொழிலில் ஊரே மெச்சிய அந்த மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் துணையே கிடைக்கவில்லை. அவருக்கு ப்ளூஸ் பிடிக்கும், அமெரிக்காவின் கறுப்புத் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தைப் பாடிய அந்தப் பாட்டு.

அது வந்து சேர்ந்த விதம் இப்படி. இளவயதில் ஒரு கப்பல் சமையல்காரரின் பழைய காருக்கு நிறம் அடித்தார். வண்டிக்குள்ளே ஒரு கேசட் கிடந்தது. பட்டறையில் போட்டுக் கேட்டார். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கித்தார், தரையில் தட்டுகிற ஒரு கால். வேறு ஒன்றும் இல்லை. பாஷை பாதிதான் புரிந்தது. மீதியைக் குரல் சொல்லிவிட்டது. வேலை போனவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், செருப்பு தேய்ந்தவன் எல்லாரும் அந்த ஒரு தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் துப்பாக்கியோடு, அதாவது பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியோடு, அப்படியே நின்றுவிட்டார். வண்டி எடுக்க வந்த சமையல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெச்சுக்கங்க. எனக்கு அதைக் கேட்டா தூக்கம் போயிடுது."

அன்று பிடித்தது. கடல் தாண்டிப் போகிறவர்களிடம் மற்றவர்கள் சென்ட் பாட்டில் கேட்பார்கள். இவர் கேசட் கேட்பார். அலமாரியின் ஒரு தட்டு நிறைந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. பட்டறையில் ஒடுக்கு எடுக்கிற டிங்கர், "அண்ணே, பல்லு வலிக்கிறவன் பாடுற மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்பான். ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்த மனைவி, வேலை முடிந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்: "அந்த ஆளுக்கு என்னதான் கஷ்டமாம்? யாராவது போயி என்னன்னு கேட்டுட்டு வாங்களேன், பாவம்." மகனோ சின்ன வயதிலிருந்தே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடம் படித்தவன். குளிர்பதனக் கிடங்கில் கணக்கராகச் சேர்ந்த பிறகும் அப்பா டேப்பைத் தொட்டால் அவன் கை தன்னையறியாமல் காதுக்குப் போகும்.

ரசிப்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாத ரசனை, உப்பில்லாத சோறு மாதிரி. பசி தீரும், ருசி இருக்காது. ஆனால் அவர் விடவில்லை. யாரிடமும் கெஞ்சவும் இல்லை.

பிறகு நெஞ்சு மக்கர் செய்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் காலமெல்லாம் நிறம் அடித்தார். அந்தத் துணிக்கு என்ன தெரியும், எதை விடுவது, எதைத் தடுப்பது என்று? மாடிப்படி ஏறினால் மலை ஏறியதுபோல் இரைத்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இனிமே பெயிண்ட் வாசனையே ஆகாது. இருக்குற நுரையீரலைக் காப்பாத்திக்கங்க" என்றார். பட்டறையை டிங்கர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் நிறம் கொடுத்த மனிதர், ஜன்னலோரம் நாற்காலி போட்டு, போகிற வண்டிகளின் நிறத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நிலைமையில்தான் மகனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் இறக்குகிற வேலை. உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் தனியாக உட்கார்ந்து, கீழே எறும்புபோல் தெரிகிற ஆட்களுக்கு நடுவே பெட்டியைப் பூப்போல் வைக்க வேண்டும். அங்கே அந்த வேலையில் அவள் ஒருத்திதான் பெண். "அந்தரத்துல தொங்குற பொண்ணு தரையில நிப்பாளா?" என்று மாமியார் முதலில் இழுத்தாள். பெண்ணைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பார்வையிலேயே அப்படி ஒரு நிதானம்.

கல்யாணம் முடிந்து சாமான்கள் வந்து இறங்கியபோது, கம்பளியில் சுற்றிய நீளமான பெட்டி ஒன்று வந்தது. மாமியார் அதைத் தட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது, துணி தேய்க்கிற பலகையா?"

"இல்ல அத்தை. என்னோடது. அப்புறம் காட்டுறேன்" என்று மருமகள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மகனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு ப்ளூஸ் பைத்தியம் போதாதா என்று பயந்திருப்பான்.

சில வாரம் கழித்து ஒரு மதியம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகன் கிடங்கில். மருமகளுக்கு அன்று காலை முறை வேலை. முடித்துவிட்டு வந்து அறையில் படுத்திருந்தாள். அவள் தூங்குவாள் என்று நினைத்துப் பெயிண்டர் சத்தத்தைக் குறைத்து அந்த முதல் கேசட்டைப் போட்டார். பாதிப் பாட்டில் நிமிர்ந்து பார்த்தால், மருமகள் கதவுநிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். தலை கலைந்திருக்கிறது. கண் டேப்மேல் இருக்கிறது.

"எழுப்பிட்டேனாம்மா? நிறுத்திடுறேன்."

"ஐயோ, நிறுத்தாதீங்க மாமா." பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை விரலால் தரையில் தாளம் போட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "உங்க டேப் மெதுவா ஓடுது மாமா. உள்ள பெல்ட் தளர்ந்து போச்சு. இந்தப் பாட்டோட சுதி இது இல்ல."

பெயிண்டருக்குச் சுருக்கென்றது. "என்னம்மா சொல்ற? இத்தனை வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் புது பெல்ட் வாங்கிட்டு வர்றேன். போட்டுப் பாருங்க. சரியில்லன்னா பழசையே மாட்டிடுறேன்."

மறுநாள் சொன்னபடி வாங்கி வந்தாள். திருப்புளியால் டேப்பைத் திறந்து, பழைய பெல்ட்டைக் கழற்றி, புதியதை மாட்டினாள். மூடிப் போட்டாள். பாட்டு ஆரம்பித்ததும் பெயிண்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தக் குரலை அவர் ஒரு கிழவனுடைய குரல் என்றே நினைத்திருந்தார். பல் போன, முதுகு வளைந்த, வாழ்ந்து ஓய்ந்த ஒரு கிழவன். இப்போது பாடுகிறவனோ இளவட்டம். குரலில் மீசை அரும்புகிறது. கித்தார் துள்ளுகிறது. அவன் அழவில்லை, கஷ்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்.

"அடப்பாவி" என்றார் பெயிண்டர். "சின்னப் பையன்!"

"பழைய பாட்டு எல்லாம் பாடினப்ப புதுப் பாட்டுதானே மாமா" என்று சிரித்தாள் மருமகள். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வந்து, கம்பளியைப் பிரித்தாள். உள்ளே மின்சாரக் கித்தார். அடர்ந்த பச்சை. பெயிண்டரின் கை முதலில் அதன் உடம்பைத்தான் தடவியது.

"நல்லா அடிச்சிருக்கான். மூணு பூச்சு, மேல ஒரு கண்ணாடிப் பூச்சு" என்றார். அப்புறம்தான் கேட்டார்: "வாசிப்பியா?"

வாசித்தாள். அவள் கையில் இருந்தது புது ப்ளூஸ். இன்றைக்கும் உயிரோடு இருக்கிற, இன்றைக்கும் மேடை ஏறுகிற ஆட்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது. சத்தம் பெரிது, வேகம் பெரிது. பெயிண்டர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"விரல் நல்லா ஓடுதும்மா. ஆனா இது ப்ளூஸ் இல்ல. சண்டை."

"சண்டை போடாத ப்ளூஸ் எது மாமா?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அதுதான். ஒரு பாட்டு பழசு, அவர் போடுவார். ஒரு பாட்டு புதுசு, அவள் போடுவாள். நடுவில் வாக்குவாதம். ஒரு கித்தாரும் ஒரு காலும் போதும், அதற்குமேல் வைப்பதெல்லாம் புளியம்பழத்துக்குப் பொன்முலாம் என்பார் அவர். பாடினவன் அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்துப் பாடினான், மின்சாரம் இருந்திருந்தால் விட்டிருப்பானா என்பாள் அவள். சில நாள் அவர் பேச்சை மாற்றிக் கேசட்டைத் திருப்பிப் போடுவார். சில நாள் அவள், "சரி மாமா, இந்த ரவுண்டு உங்களுக்கு" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். காதில் பஞ்சோடு வளர்ந்த மகன், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "கல்யாணம் பண்ணினது நானா, அப்பாவான்னே தெரியல" என்று அம்மாவிடம் முறையிட்டான்.

"போடா. உங்கப்பா இப்படி வாய் விட்டுப் பேசிப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றாள் அவள். கணவரின் பாட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

பேசத்தான் மூச்சு போதவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தாள். குழாயில் மூச்சை இழுத்தால் உள்ளே பந்துகள் மேலே எழும்ப வேண்டும். தினமும் செய்யச் சொல்லியிருந்தாள். பெயிண்டர் அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டார். "பச்சைப்புள்ள மாதிரி பந்து விளையாடச் சொல்றாங்க" என்று அவருக்கு மானக்கேடு. துணி மடிக்கப் போன மருமகள் கையில் அது அகப்பட்டது. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு, பழைய பாட்டின் முறை வந்தபோது, ஒரு மவுத் ஆர்கனை எடுத்து மாமனார் கையில் வைத்தாள்.

"ஊதினாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும். ஆனா ப்ளூஸ் இருக்குறது இழுக்குற பக்கம்தான் மாமா. ஆஸ்பத்திரியிலயும் இழுக்கத்தானே சொன்னாங்க?"

பெயிண்டர் முறைத்தார். பிறகு இழுத்துப் பார்த்தார். நசுங்கிய பூனை மாதிரி ஒரு சத்தம். இரைத்து, இருமி, கீழே வைத்தார். சாயங்காலம் யாரும் இல்லாதபோது மறுபடி எடுத்தார்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டார்கள். "தாராளமா. தலை சுத்தினா நிறுத்திடணும், அவ்வளவுதான்" என்று அவள் சொன்னாள். அதன் பிறகு வீட்டுக்கு நிம்மதி போனது. மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மனைவி, "நல்ல வேளை, நான் பகல்ல வேலைக்குப் போறேன்" என்றாள். இழுக்கிறபோது நாக்கைப் பின்னால் வாங்கி, தொண்டையைத் தாழ்த்தினால் சுரம் வளையும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம். ஈரப் பெயிண்டில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பெயிண்டர் பொறுமையில் பழுத்தவர். ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு என்று வாழ்ந்த மனிதர்.

ஒரு நாள் அந்தச் சுரம் வளைந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த சத்தம் சட்டென்று இடுப்பைச் சாய்த்து, கீழே இறங்கி, ஒரு பெருமூச்சுபோல் முனகிவிட்டு நிமிர்ந்தது. சமையலறையில் நின்ற மனைவி கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இப்ப வந்ததே, அது என்னது?"

"ஏன், நல்லா இல்லையா?"

"அதை இன்னொரு தடவ பண்ணுங்க" என்றாள்.

துறைமுகத் தொழிலாளர்களின் ஆண்டு விழா வந்தது. குடும்பத்தோடு வரலாம். ஒவ்வொரு பிரிவும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். கிரேன் பிரிவின் ஃபோர்மேன் மருமகளிடம் வந்து, "நீதான் நம்ம பிரிவுல பொம்பளப் புள்ள. ஒரு சினிமாப் பாட்டு பாடிடு" என்றார்.

"நான் கித்தார் வாசிப்பேன் சார். சொந்தமா ஒரு பாட்டு எழுதியிருக்கேன். ப்ளூஸ்."

"அது என்ன கண்றாவி? ஏதோ பண்ணு, சுருக்கமா முடி" என்றார் ஃபோர்மேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். பெயிண்டர் நெற்றியைச் சுருக்கினார். பாட்டு தமிழில் இருந்தது.

"ஏணி ஏறிப் போறேன், கீழ நிக்குது என் நெழலு,
ஏணி ஏறிப் போறேன், கீழ நிக்குது என் நெழலு,
ஊரு சொமை எல்லாம் தூக்கி வெச்சேன், எனக்குன்னு மிஞ்சுனது வெயிலு."

"அவன் பாஷையில அவன் பாடினான். நம்ம பாஷையில பாடினா அது ப்ளூஸ் ஆகுமாம்மா?"

"அவன் அவனோட வேலையைப் பாடினான் மாமா. நான் என் வேலையைப் பாடுறேன். ஒரே வரியை ரெண்டு தடவ சொல்லணும், மூணாவதுல பதில் சொல்லணும். வேற என்ன சட்டம் இருக்கு?"

அவர் அந்த வரிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவள் அடுத்ததைக் கேட்டாள்: "மேடையில நீங்க எனக்கு மவுத் ஆர்கன் வாசிக்கணும்."

"விளையாடாதே. ஒரு முழுப் பாட்டுக்கு எனக்கு மூச்சு ஏது?"

"முழுசா யாரு கேட்டா? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் இடம் இருக்கு பாருங்க. வரி என்னோடது. இடம் உங்களோடது. நான் பாடும்போது நீங்க மூச்சு வாங்கிக்கங்க. நீங்க வாசிக்கும்போது நான் வாங்கிக்கிறேன்."

அன்றிரவு அவர் மனைவியிடம் சொன்னார்: "அந்தப் புள்ள என்னைக் கூப்பிடுது. எல்லார் முன்னாடியும் இருமிக்கிட்டு நின்னா அதுக்குத்தானே அவமானம்?"

மனைவி போர்வையை உதறினாள். "அந்தரத்துல அத்தனை பாரத்தைத் தூக்குறவ. உங்களைத் தூக்க மாட்டாளா? பேசாம போங்க."

விழா துறைமுகத்திலேயே ஒரு காலிக் கிடங்கில் நடந்தது. உயரமான தகரக் கூரை, நாற்காலி வரிசைகள், பலகைகளை அடுக்கிப் போட்ட மேடை. லாரிப் பிரிவு நாடகம் போட்டது. லாரிகளை எடை போடும் பிரிவினர் கோரஸ் பாடினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிரேன் பிரிவின் முறை. மருமகள் வேலைச் சட்டையிலேயே மேடை ஏறினாள். பெயிண்டர் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டையில் அவள் பின்னால் போய், போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரோ, "தாத்தாவை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கு?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

அவள் முதல் வரியைப் பாடினாள். நின்றாள். பெயிண்டர் இழுத்தார். சுரம் வளைந்து தகரக் கூரை வரை போனது. முன்வரிசை பேச்சை நிறுத்தியது.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவது சரணத்தின் நடுவில் மூச்சு அவரைக் கைவிட்டது. இழுத்தார், காற்று வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. மவுத் ஆர்கனை மடியில் இறக்கிவிட்டு இருமினார். ஒலிபெருக்கி அந்த இருமலையும் எல்லாருக்கும் கொடுத்தது. மகன் நாற்காலியை விட்டு எழுந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை, பதறவும் இல்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை. அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வாசித்தாள். பாரத்தைத் தூக்கியாகிவிட்டது, கீழே லாரி இன்னும் வரவில்லை, வருகிறவரை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்: அப்படி இருந்தது அவள் நின்ற நிலை. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு பூட்ஸ் கால் தாளம் தட்டியது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கிடங்கின் தரை முழுவதும் ஒரே தட்டு.

பெயிண்டருக்கு மூச்சு திரும்பியது. ஆனால் மவுத் ஆர்கனை எடுக்கவில்லை. தனக்குப் பக்கத்தில் இருந்த மைக்கை இழுத்துக்கொண்டார். யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த வரிகள் இருந்தன. மருமகளுக்கே தெரியாது. கரகரத்த குரலில், பாட்டும் பேச்சுமாக, அவற்றைச் சொன்னார்:

"ஊரு வண்டிக்கெல்லாம் நான்தானே நெறம் குடுத்தேன்,
ஊரு வண்டிக்கெல்லாம் நான்தானே நெறம் குடுத்தேன்,
அவனவன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான், மிச்சத்தை மூச்சுல எடுத்தேன்."

மருமகள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. விரல்கள் மட்டும் பிசகவில்லை. அவர் சொன்ன வரிக்குக் கித்தாரால் பதில் சொன்னாள். இந்த முறை இடம் அவளுடையது.

கிடங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்றை மூச்சில் எடுத்தவர்கள்தான். சிமெண்ட் தூசி, நிலக்கரி, டீசல் புகை. எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். சுருக்கமாக முடிக்கச் சொன்ன ஃபோர்மேன்தான் முதலில் கத்தியது.

மேடையிலிருந்து இறங்கும்போது மனைவி இருந்த வரிசையைப் பெயிண்டர் பார்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்பதை மகன் பிறகு சொன்னான்: "அது எங்க வீட்டுக்காரர். வாசிக்கிறது எங்க மருமக. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா இதுதான். நீங்களும் வாங்களேன்."

அந்த அம்மாள் வந்தாரோ இல்லையோ, மற்றவர்கள் வந்தார்கள். ஒரு ஞாயிறு இரண்டு கிரேன்காரர்கள், அடுத்த ஞாயிறு ஃபோர்மேன், அப்புறம் டிங்கர்கூட வந்தான். "அண்ணே, இது அந்தப் பல்லுவலி ஆளு தானே? இப்ப நல்லா இருக்கே, பல்லைப் புடுங்கிட்டானா?" என்று கேட்டான். பெல்ட் கதையைப் பெயிண்டர் அவனுக்கு விலாவாரியாகச் சொன்னார். ஃபோர்மேன் பழைய பாட்டுக் கட்சியில் சேர்ந்துவிட்டார். இளம் கிரேன்காரர்கள் புதுப் பாட்டுக் கட்சி. வாக்குவாதம் தெருவரை கேட்டது. மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவதை விட்டுவிட்டு, நாற்காலியோடு இறங்கி வந்தார். எத்தனை பேருக்குத்தான் டீ போடுவது என்று மனைவி அலுத்துக்கொண்டாள். ஆனால் வாரா வாரம் ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து ஒரு பை நிறைய பன் வாங்கி வரவும் தவறவில்லை.

நுரையீரல் பழையபடி ஆகிவிடவில்லை. அது ஆகாது என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனால் படி ஏறும்போது நடுவில் நின்று இளைப்பாறுவது குறைந்தது. பிசியோதெரபிப் பெண் தன்னிடம் வருகிற மற்ற நோயாளிகளுக்கும் மவுத் ஆர்கன் வாங்கச் சொல்லிவிட்டு, பெயிண்டரை வந்து வாசித்துக் காட்டச் சொன்னாள். போனார். வாசிக்கும் முன்பு, "எனக்கு இதைக் கையில குடுத்தது என் மருமக. துறைமுகத்துல கிரேன் ஓட்டுது" என்று அறிமுகம் செய்தார். போன ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார்.

ஒரு நாள் மருமகள் அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். முறையாக அனுமதி வாங்கி, தலைக்கவசம் மாட்டி, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் காவலாளிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாள். "இங்கேயே இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அந்த மஞ்சள் இரும்பு மலையில் அவள் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கண்ணாடிக் கூண்டுக்குள் மறைந்தாள். பெயிண்டரின் கண் பழக்கதோஷத்தில் கிரேனின் நிறத்தை மேய்ந்தது. ஓரங்களில் பெயிண்ட் வழிந்திருந்தது. "யாருய்யா அடிச்சது இதை?" என்று முணுமுணுத்தார்.

கூண்டு நகர்ந்தது. கப்பலின் வயிற்றிலிருந்து ஒரு பெரிய இரும்புப் பெட்டி எழுந்தது. ஒரு வீடு அளவுக்குப் பெட்டி. ஆடாமல் காற்றில் மிதந்து வந்து, லாரிக்கு மேலே ஒரு கணம் நின்று, சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. பெயிண்டருக்கு நெஞ்சு விம்மியது. இது நோய் விம்மல் இல்லை.

"யாரைப் பாக்க வந்தீங்க பெரியவரே?" என்றான் காவலாளி.

அவர் அண்ணாந்து பார்த்தபடியே விரலை மேலே நீட்டினார். "அந்த வண்டி ஓட்டுதே, அது எங்க வீட்டுப் புள்ள" என்றார். அடுத்த பெட்டி எழும்பத் தொடங்கியது. அவர் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றார்.